வானளாவிய கட்டடங்களை வகுத்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்



ஹஜ்ஜுக்குச் சென்று வந்த பெரியவர்கள், ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் தம் தலைக்கு மேல் விரிந்திருந்த வெண்ணிறக் கூடாரங்களைப் பற்றி வியந்து கூறுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அக்கூடாரங்களை வகுத்தவர் யார் என வினவினால், விடை கூறுவோர் நம்மிடையே மிகச் சிலரே. அன்னாரின் பெயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்பதாகும். உலகின் மிக உயரமான கட்டடம் என்னும் பெயரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தாங்கி நின்ற சிகாகோ நகரின் சியர்ஸ் கோபுரத்திற்குக் கட்டமைப்பு வகுத்தவரும் அன்னாரே.

இவ்வாண்டு மலரில் அன்னாரின் வாழ்வை எழுத நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு. நமது கடத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் மாடி வீடுகள் எழுந்து வருகின்றன. கீழ்த்தளம் கட்டி முடித்தவர், கையில் பணம் சேர்ந்ததும் அதன் மீதே மேல்தளம் எழுப்புகிறார். நம் தலைக்கு மேல் நிற்கும் ஒரு பீம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தப் பாரத்தில் விரிசல் காணும், எந்தப் பாரத்தில் முறியும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுக் கூறும் கல்வி ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்ற இப்பொறியாளர் தமது ஆராய்ச்சி வாழ்வை அந்தக் கல்வியிலிருந்தே தொடங்கினார். ஒற்றை உத்தரத்தின் இயல்பை ஐயமற அறிந்த பின்னரே நூறு மாடிகளுக்கு ஏறினார். இந்த வரிசை முறையே அன்னாரின் வாழ்வில் நாம் கற்க வேண்டிய பாடம் ஆகும்.

பிறப்பும் கல்வியும்

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பிரிக்கப்படாத இந்தியாவின் வங்க மாகாணத்திலிருந்த டாக்கா நகரில் பிறந்தார். தந்தையார் கான் பகதூர் அப்துர் ரஹ்மான் கான், கணிதம் கற்பித்தவர், பாடநூல்கள் எழுதியவர், மாகாணக் கல்வித் துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். ஆகவே எண்ணும் எழுத்தும் வீட்டிலேயே நிறைந்திருந்த சூழலில் அன்னார் வளர்ந்தார்.

டாக்காவின் அர்மானிடோலா அரசு உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின், கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் உள்ள ஷிப்பூர் வங்காளப் பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் கற்கச் சேர்ந்தார். அக்காலத்தில் நாடு பிரிந்தது. 1950ஆம் ஆண்டில் வங்கத்தில் கலவரம் மூண்டபோது, படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருந்த அன்னார் டாக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கிருந்த அஹ்ஸானுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் பட்டப் படிப்பை நிறைவு செய்தார். அதுவே பிற்காலத்தில் வங்காளதேசப் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கலவரமும் எல்லைக் கோடும் எத்தனையோ இளைஞர்களின் கல்வியைப் பாதியிலேயே முறித்துவிட்ட காலம் அது. கான் தமது கல்வியை முறிய விடவில்லை.

1952ஆம் ஆண்டில் ஃபுல்பிரைட் உதவித்தொகையும் பாகிஸ்தான் அரசின் உதவித்தொகையும் பெற்று, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மூன்றே ஆண்டுகளில், கட்டமைப்புப் பொறியியலில் ஒன்றும் இயந்திரவியல் கோட்பாட்டில் ஒன்றுமாக இரண்டு முதுகலைப் பட்டங்களையும், அவற்றுடன் முனைவர் பட்டத்தையும் பெற்றார். 1955இல் அன்னார் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, செவ்வக வடிவிலான முன்தகைவுக் கான்கிரீட் உத்தரங்களை வடிவமைப்பதற்குரிய பல்வேறு அளவுகோல்களுக்கு இடையிலான தொடர்புகளைப் பகுத்தாராய்ந்தது.

உத்தரம் வளையும் விதம்

இவ்வாய்வின் அருமையை உணர, ஓர் உத்தரம் பாரத்தைச் சுமக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். நம்மூர் மேஸ்திரிகள் பீம் என்பதையே நாம் இங்கு உத்தரம் என்கிறோம்.

இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் மீது பாரம் ஏறும்போது அது நடுவில் சற்றே தாழ்கிறது. அவ்வாறு தாழும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது; அடிப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் கல்லைப் போன்றது. நெருக்குதலை நன்கு தாங்கும். இழுவையைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே இழுபடும் அடிப்பகுதியில் இரும்புக் கம்பி வைக்கிறோம். மேலே கான்கிரீட் தள்ளுகிறது. கீழே கம்பி இழுக்கிறது. இவ்விரு விசைகளும் சமமானவை. அவற்றுள் ஒன்றை, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கினால் வருவதே அவ்வுத்தரத்தின் வளைவு தாங்கும் வலிமை ஆகும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கணக்கை அடைய மனித குலம் பல நூற்றாண்டுகள் உழைத்தது. 1638இல் வெளியான தமது நூலில் இத்தாலிய அறிஞர் கலிலியோ இதனைக் கணக்கிட முயன்றார். உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதுமே இழுபடுவதாக அன்னார் கருதியதால் விடை உண்மைக்கு மிகையாக அமைந்தது. மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது என்னும் தெளிவு பின்வந்த அறிஞர்களால் மெல்ல மெல்லவே நிலைபெற்றது.

இதில் நம் மக்களுக்குப் புதுமையாகத் தோன்றும் செய்தி ஒன்று உண்டு. 23 சென்டிமீட்டர் அகலமும், மேல்முகத்திலிருந்து கம்பி மட்டம் வரை 40 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட ஓர் உத்தரத்தை எடுத்துக் கொள்வோம். அடியில் 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பிகள் மூன்று. கான்கிரீட் எம் 20 தரம். அதாவது 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டியாக வார்த்து 28 நாட்கள் கழித்துச் சோதித்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ நெருக்குதலைத் தாங்க வல்லது. இவ்வுத்தரத்தின் வளைவு தாங்கும் வலிமையை 100 பங்கு என வைத்துக் கொள்வோம்.

கம்பியை மாற்றாமல் கான்கிரீட்டை மட்டும் இருமடங்கு வலிமையுள்ள எம் 40 ஆக்கினால் உத்தரத்தின் வலிமையும் இருமடங்காகும் என்றே எவரும் எண்ணுவர். இந்தியத் தர நெறி 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள சூத்திரப்படி கணக்கிட்டால், அது சுமார் 108 பங்காக மட்டுமே உயர்கிறது. ஏனெனில் இங்கு முதலில் தளர்வது கம்பி, கான்கிரீட் அன்று.

அவ்வாறாயின் கான்கிரீட்டை எம் 20 ஆகவே வைத்து, கம்பியை மூன்றிலிருந்து ஆறாக்கினால் என்ன? அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கம்பி தளர்வதற்கு முன்பே மேற்பகுதிக் கான்கிரீட் நொறுங்கிவிடும். கம்பி முதலில் தளரும் உத்தரம் விரிசல் காட்டும். கண்ணுக்குத் தெரியத் தாழும். உள்ளிருப்போர் வெளியேற அவகாசம் தரும். கான்கிரீட் முதலில் நொறுங்கும் உத்தரமோ எந்த எச்சரிக்கையும் இன்றி விழும். ஆகவே கம்பியை அள்ளிப் போட்டால் பாதுகாப்பு என்னும் எண்ணம் சரியன்று. தர நெறியும் இத்தகைய அமைப்பை அனுமதிப்பதில்லை.

கான்கிரீட்டை எம் 40 ஆக்கி, கம்பியையும் ஆறாக்கினால் வலிமை 200 பங்காகிறது. எச்சரிக்கை தரும் குணமும் நீங்காமல் நிற்கிறது. வலிமை மிக்க கான்கிரீட்டின் பயன் அதனினும் மிகுந்த கம்பியுடன் இசையும்போதே வெளிப்படுகிறது என்பதை இதனால் அறிகிறோம்.

வலிமை மிகுந்தால் வரும் கடினம்

கான்கிரீட்டின் வலிமை மேலும் உயரும்போது அதன் இயல்பே மாறுகிறது. சாதாரணக் கான்கிரீட் உச்ச பாரத்தை நெருங்கும்போது சிறிது சிறிதாக இளகி விட்டுக்கொடுக்கும். மிகு வலிமைக் கான்கிரீட் கடைசி வரை விறைப்பாக நின்று, உச்சத்தை அடைந்ததும் சட்டென உடையும். எம் 20இலிருந்து எம் 80க்குச் சென்றால் நெருக்குதலைத் தாங்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. வளையும்போது விரிசலைத் தடுக்கும் இழுவை ஆற்றலோ ஏறத்தாழ இரு மடங்குதான் ஆகிறது.

ஆகையால் சாதாரணக் கான்கிரீட்டுக்கு வகுத்த சூத்திரத்தை அப்படியே மிகு வலிமைக் கான்கிரீட்டுக்கும் பொருத்தினால் விடை பிழைக்கக் கூடும். மேற்கூறிய இந்திய நெறியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, எம் 55க்கு மேற்பட்ட கான்கிரீட்டுக்குத் தனது அளவுகள் பொருந்தாமல் போகலாம் என்றும், சிறப்பு நூல்களையும் சோதனை முடிவுகளையும் நாட வேண்டும் என்றும் வெளிப்படையாகவே அறிவித்தது. ஐரோப்பிய நெறியும், சாதாரணக் கான்கிரீட் நொறுங்குமுன் ஆயிரத்தில் 3.5 பங்கு சுருங்கும் எனக் கொண்டு, மிகு வலிமைக் கான்கிரீட்டுக்கு அதனை 2.6 பங்கு வரை குறைத்துக் கொள்கிறது. இவ்வளவுகள் யாவும் ஆய்வுக்கூடங்களில் உத்தரங்களை உண்மையாகவே முறித்துப் பார்த்துப் பெறப்பட்டவை. சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இத்தகைய சோதனைகளை நடத்தி வரும் நிறுவனம் ஆகும்.

கான் ஆய்வு செய்த காலத்தில், வலிமை மிக்க கான்கிரீட்டைக் கட்டாயமாகக் கோரிய துறை முன்தகைவுக் கான்கிரீட்டாகும். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஃபிரெய்சினே 1928இல் உரிமம் பெற்ற முறை இது. உறுதிமிக்க எஃகுக் கம்பிகளை முன்னரே இழுத்துப் பிடித்து, அவ்விழுவையால் கான்கிரீட்டை நெருக்கி வைப்பர். பின்னர் பாரம் ஏறும்போது, அடிப்பகுதியின் இழுவை முதலில் அந்த நெருக்குதலைத் தீர்த்த பின்னரே கான்கிரீட்டை அணுக இயலும். பொம்மிடி ரயில் நிலையத்தில் தண்டவாளங்களுக்கு அடியில் கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகள் இம்முறையில் செய்யப்படுபவையே.

ஆனால் கான்கிரீட் நாளடைவில் சுருங்கும். எஃகின் இழுவையும் சற்றே தளரும். கான்கிரீட்டும் எஃகும் வலிமை மிக்கவையாக இராவிடில் முன்னிட்ட இழுவை முழுவதும் வீணாகிவிடும். எனவே இவ்வுத்தரத்தை வடிவமைப்போர் பல கேள்விகளுக்கு ஒருங்கே விடை காண வேண்டும். கம்பியை விடுவிக்கும் நேரத்தில் கான்கிரீட் தாங்குமா? அன்றாடப் பாரத்தில் விரிசல் வருமா? இறுதியில் எவ்வளவு பாரத்தில் முறியும்? ஒன்றுக்கு ஏற்றதாக அமைத்தால் மற்றொன்றில் குறை நேரலாம். இவ்வளவுகோல்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே இளைஞர் கான் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் ஆகும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகமோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே கான்கிரீட் உத்தரங்களைச் சோதிப்பதில் பெயர் பெற்ற இடம். கணக்கு ஒரு பக்கமும் சோதனைக்கூடம் மறுபக்கமுமாக நின்ற அவ்விடத்தில் கானின் அறிவு பதப்பட்டது.

பணியும் திரும்புதலும்

1955இல் சிகாகோவின் புகழ்பெற்ற ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் கான் பொறியாளராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் பாலங்களின் வடிவமைப்பு அன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1957இல் தாயகம் திரும்பி, கராச்சி வளர்ச்சிக் குழுமத்தில் பொறுப்பேற்றார். கற்ற கல்வியைத் தம் மக்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணத்துடன் வந்தவருக்கு, வடிவமைப்பைக் காட்டிலும் நிர்வாகப் பணிகளே மிகுதியாக வாய்த்தன. 1960இல் மீண்டும் சிகாகோ நிறுவனத்திற்கே சென்றார். 1966இல் அதன் பங்காளர்களில் ஒருவராக உயர்ந்தார். 1967இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

நிமிர்ந்து நின்ற உத்தரம்

மாடிக் கட்டடத்திற்குத் தன் எடை ஒரு பாரம். காற்று மற்றொரு பாரம். பத்து மாடிகளில் காற்றின் பாரம் சிறிது. ஐம்பது, நூறு மாடிகளில் அதுவே முதன்மையாகிவிடும். கட்டடத்தின் உள்ளே தூண்களையும் உத்தரங்களையும் சட்டம் சட்டமாகப் பிணைத்து அக்காற்றைத் தாங்கச் செய்வதே பழைய வழக்கம். உயரம் கூடக் கூட எஃகும் செலவும் கட்டுக்கு அடங்காமல் பெருகின.

கான் இதனை வேறு விதமாக நோக்கினார். காற்று மோதும் உயர்ந்த கட்டடம் என்பது, ஒரு முனை மண்ணில் ஊன்றப்பட்டு மறுமுனை வானில் நிற்கும் உத்தரமே ஆகும். காற்று வீசும் பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் நெருக்கப்படுகிறது. உத்தரத்தின் வலிமை இவ்விரு விசைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது என்பதை முன்னர்க் கண்டோம். எனவே சுமக்கும் உறுப்புகளை நடுவில் குவிக்காமல் வெளிச்சுவருக்கே கொண்டு சென்றால், குறைந்த பொருளில் மிகுந்த வலிமை கிட்டும். மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றில் முறியாமல் நிற்பது இதனாலேயே. கட்டடத்தின் வெளிச்சுற்றையே ஒரு குழாயாக்கும் இம்முறை, குழாய் அமைப்பு எனப் பொறியியல் உலகில் பெயர் பெற்றது.

1966இல் நிறைவுற்ற 43 மாடிகள் கொண்ட சிகாகோவின் டிவிட் செஸ்நட் குடியிருப்பு, இம்முறையில் எழுந்த முதற் கட்டடங்களுள் முதன்மையானது. அது கான்கிரீட்டால் ஆனது. சுமார் ஐந்தரை அடிக்கு ஒரு தூணாக வெளிச்சுற்று முழுவதும் நெருக்கமாக அமைத்து, அவற்றை ஆழமான உத்தரங்களால் பிணைத்திருந்தார்கள்.

அடுத்து வந்தது 100 மாடிகளும் 344 மீட்டர் உயரமும் கொண்ட ஜான் ஹான்காக் கோபுரம். புரூஸ் கிரஹாம் என்னும் கட்டடக் கலைஞருடன் இணைந்து கான் வகுத்த அக்கோபுரத்தின் வெளிப்புறத்தில், பெருக்கல் குறியைப் போன்ற மாபெரும் எஃகுச் சட்டங்கள் ஏறிச் செல்வதை இன்றும் காணலாம். 1931இல் கட்டப்பட்ட நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்திற்குச் சுமார் 206 கிலோ எஃகு செலவாயிற்று. ஹான்காக் கோபுரத்திலோ அது சுமார் 145 கிலோவாகக் குறைந்தது.

இக்கோபுரத்தின் வேலையில் சோதனையும் நேர்ந்தது. அடித்தளத்திற்காக மண்ணில் இறக்கப்பட்ட கான்கிரீட் கிணறுகளுள் ஒன்று குறைபாடுடையது எனத் தெரிய வந்தது. மேலெழுந்து கொண்டிருந்த வேலை மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டு, மற்றக் கிணறுகளும் ஆராயப்பட்டுச் சீர் செய்யப்பட்டன. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், வார்ப்பவர் கை பிழைத்தால் கோபுரம் நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டடம் முறியாமல் நிற்பது மட்டும் போதாது, உள்ளே வாழ்வோர் அச்சமின்றி இருக்கவும் வேண்டும் என்பது கான் அவர்களின் கொள்கை. காற்றில் கோபுரம் மெல்ல அசையும்போது மனிதர் எந்த அளவில் அதை உணர்வர் என்பதை அறிய, சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருந்த சுழலும் மேடை ஒன்றில் மனிதர்களை அமர்த்திச் சோதித்துப் பார்த்தார்.

1971இல் ஹூஸ்டன் நகரில் நிறைவுற்ற ஒன் ஷெல் பிளாசா, அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த கான்கிரீட் கட்டடமாக விளங்கியது. அந்நகரின் களிமண் நிலம் பெரும் எடையைத் தாங்காது என்பதால், எடை குறைந்த கான்கிரீட்டால் அதனை எழுப்பினார்கள்.

பின்னர் எழுந்ததே 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட சியர்ஸ் கோபுரம். 1973இல் உச்சியை எட்டி, 1998 வரை உலகின் மிக உயரமான கட்டடமாகத் திகழ்ந்தது. 2009 முதல் வில்லிஸ் கோபுரம் என அழைக்கப்படுகிறது. ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கட்டாகக் கட்டியது போன்றது அதன் அமைப்பு. இரண்டு குழாய்கள் 50ஆம் மாடியிலும், இரண்டு 66ஆம் மாடியிலும், மூன்று 90ஆம் மாடியிலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டு மட்டும் உச்சி வரை செல்கின்றன.

அன்னாரின் மறைவுக்குப் பின் மிகு வலிமைக் கான்கிரீட் பெரிதும் வளர்ந்தது. 1998இல் சியர்ஸ் கோபுரத்தை விஞ்சிய கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் தூண்களில் எம் 80க்கு நிகரான கான்கிரீட் பயன்பட்டது. 2010இல் திறக்கப்பட்ட 828 மீட்டர் உயரமுள்ள துபாயின் புர்ஜ் கலீஃபாவும் மிகு வலிமைக் கான்கிரீட்டால் எழுந்ததே. அதனை வடிவமைத்ததும் கான் பணியாற்றிய அதே நிறுவனம்தான்.

தாயகப் பற்று

1971இல் வங்காளதேச விடுதலைப் போராட்டம் நிகழ்ந்து மக்கள் பெருந்துயருக்கு ஆளானபோது, சிகாகோவில் இருந்தவாறே கான் துயர்துடைப்பு அமைப்பை உருவாக்கி நிதி திரட்டினார். அமெரிக்க அரசியலாரிடம் தம் மக்களின் நிலையை எடுத்துரைக்கவும் ஏற்பாடு செய்தார். தொழிலில் அன்னார் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. சியர்ஸ் கோபுரம் எழுந்து கொண்டிருந்த அதே வேளையில் இப்பணியையும் தோள் மீது சுமந்தார். வங்காளதேச அரசு 1999இல், மறைவுக்குப் பின், சுதந்திர விருதை வழங்கி அன்னாரைச் சிறப்பித்தது.

ஹாஜிகளின் நிழல்

ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பன்னாட்டு விமான நிலையத்தில், ஹஜ் காலத்தில் மட்டும் வந்திறங்கும் பெருந்திரளான மக்களுக்கு நிழல் தரும் இடம் தேவைப்பட்டது. இலட்சக்கணக்கானோர் சில வாரங்களில் வந்து போவர். பின்னர் மாதக்கணக்கில் இடம் வெறுமையாக இருக்கும். பாலைவன வெப்பத்தில் அத்தனை பெரிய பரப்பைச் சுவரெழுப்பிக் குளிரூட்டுதல் பெருஞ்செலவு.

கான் அவர்களும் உடன் பணிபுரிந்தோரும் அரபு மக்களின் பழங்கூடாரத்தையே தீர்வாகக் கண்டார்கள். டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியால், ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரமான 210 கூடாரங்கள் எஃகுத் தூண்களிலிருந்து தொங்கவிடப்பட்டன. கூம்பு வடிவின் உச்சியில் உள்ள திறப்பின் வழியே வெப்பக்காற்று மேலேறி வெளியேற, கீழே நிழலும் காற்றோட்டமும் நிலவுகின்றன. ஒரே வேளையில் 80,000 ஹாஜிகள் தங்கத் தக்கதாக இது வகுக்கப்பட்டு, 1981இல் பயன்பாட்டிற்கு வந்தது. 1983இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதும் பெற்றது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. கான்கிரீட் நெருக்குதலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. துணியோ இழுவையைத் தாங்கும், நெருக்குதலைத் தாங்காது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இவ்விரு பொருள்களையும் ஒரே மனிதர் தம் வாழ்நாளில் கையாண்டு, அவற்றுக்கு இயல்பாக உள்ள வேலையை மட்டுமே அவற்றிடம் வாங்கினார்.

மறைவு

1982ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், தாம் நிழல் அமைத்துக் கொடுத்த அதே ஜித்தா நகரில், மாரடைப்பினால் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 53 வயது நிறைய ஒரு வாரமே எஞ்சியிருந்தது. உடல் சிகாகோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, கிரேஸ்லேண்ட் அடக்கத்தலத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அன்னாரின் மகளார் யாஸ்மின் தாமும் கட்டமைப்புப் பொறியாளராகி, தந்தையாரின் பணிகளைப் பற்றிய நூலொன்றை 2004இல் வெளியிட்டார். உயர்ந்த கட்டடங்களுக்கான உலகக் குழுமம் அன்னாரின் பெயரால் பதக்கம் வழங்கி வருகிறது.

நமக்குரிய பாடம்

நூறு மாடி கட்டியவரின் வாழ்வில் நம்மூர் ஒற்றை மாடிக்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக் கூடும். வளையும் விதி இரண்டுக்கும் ஒன்றே. அதனை மனத்தில் இருத்தி, வீடு கட்டுவோருக்கும் மேஸ்திரிகளாகவும் கம்பி கட்டுவோராகவும் உழைக்கும் நம் சகோதரர்களுக்கும் சிலவற்றை நினைவூட்ட விழைகிறோம்.

கான்கிரீட் எளிதாக ஓட வேண்டும் என்று கூடுதலாக ஊற்றப்படும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அதன் வலிமையைக் குறைக்கிறது. எம் 20 என எண்ணி வார்த்தது எம் 20 ஆக இராது. மேற்பகுதி நெருக்குதலைத் தாங்காது.

இரு முனையிலும் தாங்கிய உத்தரத்திற்கு இழுவை அடியில். சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் இழுவை மேலே. அங்கே பிரதானக் கம்பி மேல்மட்டத்திலேயே நிற்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது காலால் மிதிபட்டு அது அடியில் அமுங்கிப் போனால், கம்பி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

சென்ட்ரிங் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கலாகாது. உத்தரங்களின் முட்டுகளை 6 மீட்டர் நீளம் வரை 14 நாட்களும், அதற்கு மேற்பட்டால் 21 நாட்களும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சாதாரண சிமென்ட்டுக்கு இந்திய நெறி கூறும் அளவு. தண்ணீர் விட்டு நனைத்து ஈரம் காப்பதிலும் குறைவு கூடாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பழைய தளத்தின் மீது புதுத்தளம் எழுப்பு முன், கீழுள்ள உத்தரங்களும் தூண்களும் அப்பாரத்திற்கு வகுக்கப்பட்டவையா என ஒரு பொறியாளரைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அவருக்கு அளிக்கும் தொகை, தளத்திற்கு ஆகும் செலவில் மிகச் சிறியதே. கண்ணால் பார்த்துத் தாங்கும் என்று சொல்வது கணக்கு ஆகாது.

கட்டடம் என்பது ஓர் அமானத் ஆகும். அதனைக் கட்டியவரை நம்பியே அதன் கீழ் குழந்தைகள் உறங்குகிறார்கள், முதியோர் அமர்ந்திருக்கிறார்கள். எந்தப் பாரத்தில், எவ்விதமாக அது தளரும் என்பதை முன்னரே அறிந்து, தளர நேர்ந்தாலும் உயிர்களுக்கு அவகாசம் தரும்படி அமைப்பவரே அந்த நம்பிக்கையைக் காத்தவர் ஆவார். ஓர் உத்தரத்தில் தொடங்கிய கான் அவர்களின் கல்வி அவ்வாறே பல்லாயிரவரைக் காத்து நிற்கிறது. அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்ளுமாறு வல்ல அல்லாஹ்வை வேண்டுவோமாக. நமதூர்ப் பிள்ளைகளிலும் அத்தகைய கல்வியாளர்கள் தோன்ற அவன் அருள்வானாக. ஆமீன்.